கோர்க்கியின் கேன்வாஸும் பொய்க் கடிதங்களும்

1970களில் ஒரு கடிதத் தொகுப்பு அச்சில் வந்தது. ஆர்மீனிய அமெரிக்க ஓவியர் ஆர்ஷில் கோர்க்கி தன் தங்கை வர்துஷுக்கு ஆர்மீனிய மொழியில் எழுதிய கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று சொல்லி, வர்துஷின் மகன் அதை வெளியிட்டார். கலை எதற்கு, நினைவு எப்படி நிறமாகிறது, பிறந்த மண் தன் தூரிகைக்குள் எப்படி இருக்கிறது என்று அந்தக் கடிதங்கள் பக்கம் பக்கமாகப் பேசின. இன்னதென்று உருவம் தெரியாத அரூப ஓவியத்தின் முன்னால் திகைத்து நிற்பவர்களுக்கு ஓவியரே வந்து விளக்கம் சொல்வதுபோல இருந்ததால் எல்லோரும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டுரைகளிலும் கண்காட்சிக் கையேடுகளிலும் அந்த வரிகள் மேற்கோளாக ஏறின.

1990களில் ஆர்மீனிய மொழி படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் மூலக் கடிதங்களைத் தேடிப்போனபோது விஷயம் வெளியே வந்தது. தத்துவம் பேசிய கடிதங்கள் பலவற்றுக்கு மூலப் பிரதியே கிடைக்கவில்லை. கிடைத்த உண்மையான கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படிப் போகிறது, பணம் போதவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று அண்ணன் தங்கைக்கு எழுதும் எளிய கடிதங்கள். கலைத் தத்துவக் கடிதங்களில் பெரும்பகுதி பின்னால் இட்டுக்கட்டப்பட்டது என்பதுதான் இன்று ஆய்வாளர்களிடையே ஏற்கப்பட்ட முடிவு.

இந்த ஆய்வுக்கு கோர்க்கியை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். உறவுகளையும் ஊரையும் இழந்து வந்த ஓர் அரூப ஓவியர். அவரைப் பற்றி உலகம் சொல்லிவந்த கதைக்கு முட்டுக்கொடுத்து நின்ற சான்றில் பாதி பொய். அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? ஒரு புகைப்படம், அவரே எழுதிய ஒரு சிறு குறிப்பு, நூற்றுக்கணக்கான கோட்டோவியங்கள், அப்புறம் கேன்வாஸ்கள். அவற்றை வைத்தே அவரைப் படிக்க முடியும் என்பதும், அப்படிப் படிக்கும்போது தெரிகிற கோர்க்கி கடிதத்துக் கோர்க்கியைவிடப் பெரியவர் என்பதும் என் கட்சி.

வான் ஏரிக்கரை

அவருடைய இயற்பெயர் வோஸ்தானிக் மனூக் அதோயான். பிறந்தது வான் ஏரிக்கரையில் உள்ள கோர்கோம் என்ற சிறு கிராமத்தில். அன்று ஓட்டோமான் பேரரசு, இன்று துருக்கி. பிறந்த ஆண்டை 1902 முதல் 1904 வரை பலவாறாகச் சொல்வார்கள். அவரே ஆளுக்கொரு தேதி சொல்லியிருக்கிறார். விவசாயக் குடும்பம். ஏரியின் நடுவே அக்தமார் தீவு, அதில் 10ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம், அதன் வெளிச்சுவர் முழுக்கக் கல்லில் செதுக்கிய மனிதர்களும் விலங்குகளும் கொடிகளும். அம்மா ஷுஷான் பாதிரியார் குடும்பத்துப் பெண். அப்பா செத்ராக், பையன் சிறுவனாக இருக்கும்போதே அமெரிக்கா போய்விட்டார். ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் ஆர்மீனிய ஆண்கள் பலர் அப்படிக் கிளம்பிய காலம் அது.

1912இல் வான் நகரத்தில் ஷுஷான் மகனோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் கணவருக்கு அனுப்புவதற்காக. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தலையில் முக்காடு, உடம்பை மூடிக் கீழே இறங்கும் பூப்போட்ட மேலங்கித் துணி. பக்கத்தில் கோட்டு போட்ட பையன் கையில் சின்னப் பூங்கொத்தோடு நிற்கிறான். எங்களை மறந்துவிடாதே என்று கணவருக்குச் சொல்ல எடுத்த படம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த ஆய்வின் முதல் சான்று இந்தப் படம்.

1915 ஏப்ரலில் வான் நகரத்து ஆர்மீனியர்கள் முற்றுகைக்குள் சிக்கினார்கள். ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கிய நாட்கள். மே மாதம் ரஷ்யப் படை வந்து சேர்ந்தது. கோடையில் அதே படை பின்வாங்கியபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது. ஷுஷானும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நடந்து காகசஸ் பக்கம் வந்து யெரெவானில் தங்கினார்கள். மூத்த சகோதரிகள் இருவர் 1916இல் அமெரிக்கா கிளம்பிவிட்டார்கள். அம்மாவும் மகனும் கடைக்குட்டி வர்துஷும் மட்டும் யெரெவானில். 1918இல் ஆர்மீனியா தனி நாடானது. அந்தக் குளிர்காலம் பஞ்சத்தின் குளிர்காலம். 1919 மார்ச்சில் ஷுஷான் பட்டினியால் இறந்தார். வயது 40ஐத் தொட்டிருக்காது. பிள்ளைகள் இரண்டு பேரும் திபிலிசி, பதூமி, கான்ஸ்டான்டிநோபிள் என்று கடந்து 1920 பிப்ரவரியில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கினார்கள்.

அப்பா உயிரோடுதான் இருந்தார். ஆனால் அந்த உறவு ஒட்டவே இல்லை.

பெயர் மாற்றியவர்

பாஸ்டன் பக்கம் வாட்டர்டவுனில் ரப்பர் தொழிற்சாலை வேலை, பாஸ்டனில் ஓவியப் பள்ளி. 1924 வாக்கில் நியூயார்க். அதற்குள் அவர் ஆர்ஷில் கோர்க்கி ஆகிவிட்டார். ரஷ்ய எழுத்தாளர் மக்சீம் கோர்க்கிக்கு உறவு என்று சொல்லிக்கொள்வார். மக்சீம் கோர்க்கி என்பதே புனைபெயர், அந்த எழுத்தாளரின் சொந்தப் பெயர் பெஷ்கோவ். ரஷ்யாவில் பிறந்தேன், ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியிடம் படித்தேன் என்றும் நம் ஓவியர் சொன்னார். மனைவிக்கே அவருடைய இயற்பெயர் அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது.

இதைக் கோர்க்கியின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பட்டினி கிடக்கும் ஆர்மீனியர்களுக்கு உதவுங்கள் என்று அமெரிக்கா முழுக்க நன்கொடை திரட்டிய காலம் அது. ஆர்மீனியன் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் பரிதாபமாகப் பார்ப்பார். பரிதாபத்துக்கு ஆளாக விரும்பாத ஓர் இளைஞன் தனக்கு வேறு பிறப்பைத் தேடிக்கொண்டதாகத்தான் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆய்வுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோர்க்கி தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் சொன்னதாகப் பிறர் எழுதியதையும் எடுத்துக்கொள்ள முடியாது. கேன்வாஸுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பிறருடைய கையெழுத்தில் பதினைந்து வருடம்

1920களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 1940 வரை கோர்க்கி வரைந்ததைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். பிரெஞ்சு ஓவியர் செசானைப் போலப் பழங்களும் குவளைகளும். அப்புறம் பிக்காசோ, பிராக், மிரோ. சும்மா சாயல் என்று சொல்லிவிட முடியாது, அந்த ஓவியரின் ஓவியத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் எப்படி யோசித்திருப்பார் என்று வரைந்து வரைந்து கண்டுபிடிக்கிற வேலை. ஓவிய வணிகர் ஜூலியன் லெவியிடம் தன் படங்களைக் கொண்டுபோய், நெடுநாள் செசானோடு இருந்தேன், இப்போது பிக்காசோவோடு இருக்கிறேன் என்றாராம். நீ கோர்க்கியோடு இருக்கும் நாள் வரட்டும், கண்காட்சி வைக்கலாம் என்று லெவி சொல்லியிருக்கிறார். அந்த நாள் வர இன்னும் 10 வருடத்துக்கு மேல் ஆனது. லெவியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், 1945இல்.

யூனியன் சதுக்கம் 36ஆம் எண் கட்டடத்தில் அவருடைய ஸ்டுடியோ. பொருளாதாரம் படுத்துக் கிடந்த 1930களில் சாப்பாட்டுக்குக் கஷ்டம், ஆனால் விலை உயர்ந்த வண்ணக் குழாய்களைக் கடனுக்கு வாங்கிக் குவித்தார். வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, அந்தக் காலத்துக் கேன்வாஸ் சில தூக்கவே கனக்கும். பணம் இல்லாத நாட்களில் பேனாவும் மையும். இரவு, புதிர், ஏக்கம் என்ற மூன்று சொற்களைத் தலைப்பாக வைத்து 1930களின் தொடக்கத்தில் அவர் செய்த மைக்கோட்டோவியங்கள் தனி வரிசையாகவே நிற்கின்றன. ஒரே அமைப்பை எடுத்துக்கொண்டு, கோடு குறுக்கும் நெடுக்குமாக அடர, கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, மறுபடி மறுபடி. திரும்பச் செய்வதில் சலிக்காத மனிதர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அந்தக் கட்டடத்துக்கு வந்துபோன இளைஞர்களில் ஒருவர் ஹாலந்திலிருந்து வந்த வில்லெம் டி கூனிங். பின்னாளில் அவர் பெரும் புகழ் பெற்றபோது, தன்னுடைய கலை அந்த 36ஆம் எண் கட்டடத்திலிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். பதிலுக்கு டி கூனிங் கொடுத்த பொருள் ஒன்று உண்டு. பெயர்ப்பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் நீண்ட மயிர்த் தூரிகை. கையைத் தூக்காமல், தடிமன் மாறாமல், மெல்லிய கோட்டை நெடுக இழுக்க அதுதான் வசதி. கோர்க்கியின் 1940களின் ஓவியங்களில் பின்னிப் பின்னிப் போகிற கறுப்புக் கோடுகள் இந்தத் தூரிகையால் வந்தவை.

அரசு வேலைத்திட்டத்தின் கீழ் 1936, 37இல் நியூவர்க் விமான நிலையத்துக்குச் சுவரோவியம் செய்தார். மொத்தம் 10 பகுதிகள். போர்க்காலத்தில் அந்தக் கட்டடம் ராணுவத்தின் கைக்குப் போனது, சுவரோவியங்களின் மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். 1970களில் அடுக்கடுக்கான வெள்ளைப் பூச்சைச் சுரண்டியபோது இரண்டு பகுதிகள் மட்டும் கிடைத்தன.

அம்மாவும் பிள்ளையும்

இத்தனைக்கும் நடுவே ஒரு வேலை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. 1912 புகைப்படம் அமெரிக்கா வந்த பிறகு அவர் கைக்குக் கிடைத்தது. 1926 வாக்கில் அதை வைத்து வரையத் தொடங்கினார். கோட்டோவியங்கள் பல, பெரிய கேன்வாஸ் இரண்டு. ஒன்று நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில், 1936 வரை வேலை செய்தது. மற்றது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில், 1942 வரை போனது. பத்துப் பதினைந்து வருடம் ஒரே படத்தோடு இருந்திருக்கிறார்.

எப்படி வேலை செய்தார் என்பதை நண்பர் ஸால் ஷாரி பதிவு செய்திருக்கிறார். வண்ணம் பூசி, வாரக்கணக்கில் காயவிட்டு, குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சவரக்கத்தியால் மேற்பரப்பு முழுவதையும் சுரண்டி வழவழப்பாக்குவார். கழுவிவிட்டு மறுபடி பூசுவார். இப்படியே பல சுற்று. கடைசியில் பரப்பு பீங்கான் மாதிரி ஆகிவிடும், தூரிகை பட்ட தடமே தெரியாது. அந்தத் தாயின் முகம் உயிருள்ள முகத்தைவிடத் தேவாலயச் சுவரில் மங்கிப்போன சித்திரத்துக்கு அருகில் நிற்பது இதனால்தான்.

புகைப்படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோர்க்கி எதையெல்லாம் எடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரியும். கைகள் போய்விட்டன. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய வண்ணத் திட்டு மட்டும் இருக்கிறது. கை வரையத் தெரியாதவரா அவர்? கோட்டோவியத்தில் மன்னன் என்று அன்றே பேர் வாங்கியவர். தாயின் மேலங்கியில் இருந்த பூக்களும் போய்விட்டன. புகைப்படத்தில் கண்ணைப் பறிக்கிற அந்தப் பூ வேலைப்பாடு இருந்த இடம் முழுக்க வெற்றுப் பரப்பு, மடிப்புகூட இல்லாமல். பையனுக்கும் அம்மாவுக்கும் இடையே ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது.

அரூபம் தொடங்குகிற இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அரூப ஓவியத்தை நாம் பெரும்பாலும் மனம் போன போக்கில் விசிறியடித்த வண்ணமாக எண்ணிக்கொள்கிறோம். கோர்க்கியிடம் அது உருவமுள்ள ஒரு படத்தைச் சவரக்கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பிறந்திருக்கிறது. எதை விட்டுவிடுவது என்று 15 வருடம் யோசித்திருக்கிறார்.

அப்பாவின் தோட்டம்

1940 முதல் 43 வரை 'சோச்சியில் தோட்டம்' என்ற பெயரில் ஒரு வரிசை ஓவியம். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதில் ஒன்றை வாங்கியது. அந்த ஓவியத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்க, 1942 ஜூனில் கோர்க்கி ஒரு குறிப்பு கொடுத்தார். இது அவருடையதுதான், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

எங்கள் வீட்டிலிருந்து ஊற்றுக்குப் போகிற பாதையில் 194 அடி தூரத்தில் அப்பாவுக்கு ஒரு சிறு தோட்டம் இருந்தது என்று அளவு சொல்லித் தொடங்குகிறார். சில ஆப்பிள் மரங்கள் காய்ப்பதை நிறுத்திவிட்டன. நிழல் விழும் மூலையில் காட்டுக் கேரட் செடிகள், முள்ளம்பன்றிகள் அங்கே கூடு கட்டியிருந்தன. கறுப்பு மண்ணில் பாதி புதைந்த நீலப் பாறை. ஊர்ப் பெண்கள் வந்து மார்பைத் திறந்து அந்தப் பாறையில் தேய்ப்பார்கள், அம்மாவும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார். இலையில்லாத ஒரு பெரிய மரம், புனித மரம். வழிப்போக்கர்கள் தங்கள் உடையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதில் கட்டிவிட்டுப் போவார்கள். பல வருடத்துத் துணிகள் காற்றில் படபடக்க, வெள்ளிப் பாப்ளார் இலைகளின் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

வேண்டுதலுக்கு மரத்தில் துணி கட்டுகிற வழக்கம் நமக்கும் தெரிந்ததுதான். அதனாலேயே இந்தக் குறிப்பு தமிழ் வாசகருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். ஆனால் தலைப்பைக் கவனிக்க வேண்டும். சோச்சி கருங்கடல் ஓரத்து ரஷ்ய ஊர். தோட்டம் இருந்ததோ கோர்கோமில். பெயரை மறைத்தாலும் பாறையின் நிறத்தையும் தோட்டத்தின் தூரத்தையும் மறைக்கவில்லை. இட்டுக்கட்டிய கடிதங்களில் இல்லாதது இதுதான். அவற்றில் பெரிய சொற்கள் இருக்கின்றன, முள்ளம்பன்றி இல்லை.

புல்லுக்குள் பார்த்தவர்

1941இல் ஆக்னஸ் மக்ரூடரைத் திருமணம் செய்தார். மூகுச் என்று ஆர்மீனியச் செல்லப் பெயரிட்டு அழைத்தார். இரண்டு பெண் குழந்தைகள். 1943 கோடையில் மனைவியின் பெற்றோருக்குச் சொந்தமான வர்ஜீனியா பண்ணைக்குப் போனார்கள். 20 வருட நகர வாழ்க்கைக்குப் பிறகு வயல், மாடு, புல், பூச்சி. கோர்க்கி காலையில் காகிதமும் பென்சிலும் மெழுகு வண்ணக் குச்சியும் எடுத்துக்கொண்டு வயலில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கோடையில் நூற்றுக்கு மேல் கோட்டோவியங்கள் வந்தன. புல்லுக்குள் பார்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னதை விமர்சகர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி 1944இல் எழுதினார். தூரத்து மலையை வரையவில்லை. மூக்குக்கு நேரே இருந்த தண்டும் விதைப்பையும் மகரந்தமும் பெரிதாகி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, பூவா எலும்பா என்று சொல்ல முடியாதபடி ஆயின.

அதே சமயம் சிலி நாட்டு ஓவியர் ராபர்ட்டோ மத்தாவின் நட்பு. வண்ணத்தை டர்பென்டைனில் நீர்த்துப் பயன்படுத்திப் பார் என்றார் மத்தா. அதுவரை சுவர் மாதிரிப் பூசிக்கொண்டிருந்த கை வண்ணத்தைத் தண்ணீராக்கி ஓடவிட்டது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள 1943ஆம் ஆண்டின் 'அருவி' ஓவியத்தில் வண்ணம் வழிந்த தடங்கள் அப்படியே இருக்கின்றன.

1944இல் வந்தது 'கல்லீரல்தான் சேவலின் கொண்டை' என்ற ஓவியம். பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 186 செ.மீ. உயரம், 249 செ.மீ. அகலம். சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, சாம்பல், எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இறகும் நகமும் சதையும் மாதிரி. கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் இதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் வரையப்பட்ட மிக முக்கியமான ஓவியங்களில் ஒன்று என்று கொண்டாடினார். தன்னிச்சையாக ஆழ்மனம் கொட்டிய படம் என்று பலரும் இதைப் பார்த்தார்கள். ஆனால் 1943இல் செய்த கோட்டோவியம் ஒன்று இருக்கிறது. அதையும் இதையும் ஒப்பிட்டால் பெரும்பாலான வடிவங்கள் இடம் மாறாமல் அதிலிருந்து இதற்கு வந்திருப்பது தெரியும். 'ஏரும் பாட்டும்' என்ற 1946, 47 வரிசைக்குக் கட்டம் போட்ட கோட்டோவியமே இருக்கிறது. சின்னக் காகிதத்தில் கட்டம் போட்டு, பெரிய கேன்வாஸில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுகிற பழைய பட்டறை முறை. கொட்டித் தீர்த்த உணர்ச்சி என்று நாம் நினைக்கிற கோட்டை அவர் அளந்து வைத்திருக்கிறார்.

இது அவருடைய துயரத்தைக் குறைத்துச் சொல்வதாகாது. கோர்கோமின் ஏரை அவர் மறக்கவில்லை, சின்ன மர ஏர்களைச் செதுக்கியே வைத்திருந்தார். துயரத்தைப் பத்து முறை வரைந்து பார்த்து, எந்தக் கோடு தேவை, எது வேண்டாம் என்று தீர்மானிக்கிற மனிதரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

அதே 1944இல் 'என் அம்மாவின் பூவேலை மேலங்கி என் வாழ்வில் விரிகிறது' என்ற பொருளில் ஒரு ஓவியத் தலைப்பு. சியாட்டில் அருங்காட்சியகத்தில் உள்ளது. தலைப்புகள் பலவும் வரைந்து முடித்த பிறகு, சிலசமயம் ப்ரெத்தோன் போன்ற நண்பர்களின் பேச்சோடு சேர்ந்து வந்தவை. ஆகவே தலைப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் இரண்டு கேன்வாஸை மனதில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாயின் உருவம் இருந்த ஓவியத்தில் பூக்களைச் சுரண்டி எடுத்தார். உருவமே இல்லாத இந்த ஓவியத்தில் பூவும் கொடியும் நிறமும் கேன்வாஸ் முழுக்க வழிகின்றன. இதைச் சொல்ல எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை.

கடைசி மூன்று வருடம்

1945இல் லெவி கூடத்தில் கண்காட்சி. விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் முதலில் குறை சொன்னார், 1948இல் மனம் மாறி உயர்வாக எழுதினார்.

1946 ஜனவரியில் கனெக்டிகட்டின் ஷெர்மன் ஊரில் இருந்த ஸ்டுடியோ எரிந்தது. சுமார் 20 ஓவியங்களும் புத்தகங்களும் கோட்டோவியங்களும் போயின. மார்ச்சில் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை. அந்த வருடக் கோடையிலேயே வர்ஜீனியா போய் ஏறத்தாழ 300 கோட்டோவியங்கள் வரைந்தார். இதை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது. 1947இல் 'வேதனை', 'நிச்சயதார்த்தம்' வரிசை, 'எல்லை' எல்லாம் வந்தன.

1948 ஜூன் கடைசியில் லெவி ஓட்டிய கார் விபத்துக்குள்ளானதில் கோர்க்கியின் கழுத்தெலும்பு முறிந்தது, வரைகிற கை செயலிழந்தது. குடும்பமும் உடைந்தது, ஆக்னஸ் பிள்ளைகளோடு பிரிந்து போனார். ஜூலை 21 அன்று ஷெர்மனில் கோர்க்கி தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பவர்களுக்கு 1947இன் ஓவியம் எல்லாமே முன்னறிவிப்பாகத் தெரிந்துவிடுகிறது. 'வேதனை'யின் அடர்சிவப்பை நோயாகவும் தீயாகவும் படித்த கட்டுரைகள் ஏராளம். அந்த ஓவியத்துக்கும் முன்தயாரிப்புக் கோட்டோவியங்கள் உண்டு. மரணத்தை நோக்கி ஓடியவராக மட்டும் அவரைக் காட்டுகிறபோது, அந்தத் தயாரிப்பும் பொறுமையும் கண்ணில் படாமல் போகின்றன.

இறந்த பிறகும் இழப்பு நிற்கவில்லை. 'நாட்காட்டிகள்' என்ற முக்கியமான ஓவியம் 1961இல் ஆல்பனியில் நியூயார்க் மாநில ஆளுநர் மாளிகைத் தீயில் எரிந்தது. 1962 மார்ச் 1 அன்று நியூயார்க்கில் கிளம்பி ஜமைக்கா விரிகுடாவில் விழுந்த விமானத்தில் 95 பேர் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த கோர்க்கியின் 15 அரூப ஓவியங்களும் அந்த விமானத்தில் இருந்தன.

காகிதத்துக்கு அடியில்

கலை வரலாற்றில் கோர்க்கிக்குக் கொடுத்திருக்கிற இடம் 'பாலம்'. கனவையும் ஆழ்மனதையும் வரைந்த ஐரோப்பிய சர்ரியலிசத்துக்கும், உருவத்தை விட்டு உணர்ச்சியை வரைந்த அமெரிக்க அரூப வெளிப்பாட்டியத்துக்கும் நடுவே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாலம் என்றால் கடந்து போய்விடுவார்கள். பிறருடைய பாணியில் 15 வருடம் கைப்பழக்கம் செய்தவர், தாயின் படத்தை 15 வருடம் சுரண்டியவர், புல்லைக் கட்டம் போட்டு மாற்றியவர் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்குத் தனி இடமே உண்டு.

பொய்க் கடிதங்களைச் செய்தவரின் நோக்கம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. தாய்மாமனை ஆர்மீனியாவின் பிள்ளையாக உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. அழிக்கப்பட்ட ஓர் இனத்தின் பிள்ளைக்கு அந்த ஆசை வருவது புரியாததும் இல்லை. ஆனால் விளைவு மோசம். கோர்க்கியின் ஆர்மீனியப் பின்னணியைப் பேசுகிற எவரையும் சந்தேகத்தோடு பார்க்கிற நிலையை அந்தக் கடிதங்கள் உண்டாக்கின. உண்மையான சான்றான 1942 குறிப்பும் அந்தச் சந்தேகத்தின் நிழலில் விழுந்தது. இனப்படுகொலையைப் பற்றிப் பேசும்போது சான்று சுத்தமாக இருக்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்பது ஆர்மீனியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1947இன் 'எல்லை' என்ற ஓவியம் காகிதத்தில் வரைந்து கேன்வாஸில் ஒட்டியது. சாம்பல் கலந்த பச்சைப் பரப்பு, ஆங்காங்கே சில வடிவங்கள், மீதி வெறுமை. ஓவியரின் வாழ்வு தீர்ந்துகொண்டிருந்ததைக் காட்டும் படம் என்று நெடுநாள் பேசப்பட்டது. காகிதத்தின் ஓரம் பிரிந்து அடியில் வேறு நிறம் தெரிய, ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வல்லுநர்கள் காகிதத்தைக் கேன்வாஸிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அடியில் முழு ஓவியம் ஒன்று இருந்தது. நீலமும் நிறங்களும் நிறைந்த படம். 'வர்ஜீனியா கோடை' என்று பெயர் வைத்து 2021இல் நியூயார்க்கில் இரண்டையும் காட்சிக்கு வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய அந்த வர்ஜீனியாக் கோடையோடு சேர்ந்த காலத்துப் படம் அது. 'எல்லை'யை மட்டும் வைத்து எழுதிய விளக்கங்களை இனி திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

கண்காட்சி வைக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஓவியத்துக்குப் பக்கத்துச் சுவரில் கோர்க்கியின் வார்த்தை என்று எதையாவது எழுதி ஒட்டினால், அது எந்த ஆண்டு, எந்த மொழியில், மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று கீழேயே போட வேண்டும். மூலம் இல்லாத வரி இணையத்தில் இன்றும் அவர் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் 1912 புகைப்படத்தையும் கட்டம் போட்ட ஒரு கோட்டோவியத்தையும் மாட்டினால், பார்க்க வருகிறவர்களுக்கு அதுவே போதும்.